மதுரைக்குப் போன முந்நூறு பாக்கெட்

அன்புள்ள மதினிக்கு,

நேற்று பென்ஷனுக்காக உயிர்ச்சான்று கொடுக்கப் போயிருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தேதி ஸ்டாம்பின் சக்கரத்தை நகத்தால் தள்ளி, ஊதா மைப் பெட்டியில் அழுத்தி, என் தாளில் குத்தினாள். அந்த மை வாசனை வந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். "அவ்வளவுதாம்மா, போகலாம்" என்று அவள் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை சரிந்து அண்ணனுக்கு இடுப்பில் அடிபட்டது. எட்டு மாதம் அவர் எழுந்திருக்கவில்லை. நான் அப்போதுதான் ஆரம்பப் பள்ளி வேலையில் சேர்ந்திருந்தேன். நீங்கள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. காரைக்குடி வீட்டுப் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றி, அச்சு முறுக்கு சுட்டு, பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த கடைகளுக்குக் கொண்டுபோனீர்கள். அண்ணன் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அடுப்பை அணைக்கவில்லை. உங்களுக்கு எண்ணெய்ப் புகை ஆகாது. மாலையில் நான் பள்ளியிலிருந்து வரும்போது வாசலிலேயே உங்கள் இளைப்புச் சத்தம் கேட்கும்.

பிறகு கடைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள், பாக்கெட்டில் தேதி இல்லாமல் இனி வாங்க முடியாது, பரிசோதனைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்று. அச்சகத்தில் அட்டை லேபிள் அடித்தோம். 'இத்தேதிக்குள் பயன்படுத்தவும்' என்ற வரிக்குக் கீழே வெறும் கட்டம். அதில் தேதி குத்துவது என் வேலை. பாக்கெட்டின் வாயில் லேபிளை மடித்து வைத்து ஸ்டேப்ளர் பின் அடிப்பது உங்கள் வேலை.

எத்தனை நாள் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் பத்துப் பாக்கெட்டை எடுத்து அலமாரியில் அடுக்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஒன்றைப் பிரிப்போம். நீங்கள், நான், அண்ணன். நாலு வாரம் ஒன்றுமில்லை. ஐந்தாம் வாரம் அண்ணன் ஒரு கடி கடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றார். நீங்கள் வாயில் போட்டதை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தீர்கள்.

"அடி நாக்குல பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை தெரியுது. முப்பது நாள் போடுத்தா."

மதுரைக் கடை வந்தது அதற்கு அடுத்த வருஷம். பெரிய கடை. கிறிஸ்துமஸுக்கு முந்நூறு பாக்கெட் கேட்டார்கள், பிடித்துப்போனால் மாதாமாதம் எடுப்பதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை, தேதி இரண்டு மாதம் தள்ளி இருக்க வேண்டும். நான் உங்களிடம் கெஞ்சினேன்.

"மத்தவக எல்லாம் ரெண்டு மாசந்தான் மதினி போடுறாக. யாரு கண்டுபிடிக்கப் போறாக?"

"கண்டுபிடிக்கிறது கெடக்கட்டும். மதுரையில வாங்குறவுகளுக்கு நம்மளத் தெரியாது. அந்தத் தேதியத்தான் தெரியும். முப்பதுக்குச் சம்மதம்னா அனுப்புவோம், இல்லாட்டி வேணாம்."

அந்த வாரமே உங்கள் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார்கள் என்று ஆள் வந்தது. முறுக்கெல்லாம் சுட்டு முடித்திருந்தீர்கள். இளையாத்தங்குடி பஸ் ஏறும்போது, "முப்பதுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டு, நீ தேதியக் குத்திப் பின் அடிச்சு அனுப்பிரு, நான் நாலு நாள்ல வந்துருவேன்" என்றீர்கள்.

மதினி, நான் அவர்களிடம் கேட்கவேயில்லை. அந்தச் சாயங்காலம் ஸ்டாம்பின் மாதச் சக்கரத்தை ஜனவரியில் நிறுத்தினேன். பிறகு இன்னும் ஒரு தட்டு தட்டி பிப்ரவரிக்குக் கொண்டுபோனேன். முந்நூறு லேபிளிலும் குத்திவிட்டு, பெட்டிகளை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதுதான் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

நீங்கள் திரும்பி வந்து வீடு பெருக்கும்போது, ஸ்டாம்ப் கோணலாக விழுந்ததால் நான் ஒதுக்கிப் போட்ட லேபிள் ஒன்று துடைப்பத்தில் மாட்டியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றீர்கள்.

"எல்லாத்துலயும் இதேதானா?"

"ஆமா மதினி."

திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் அச்சடித்து மிச்சமிருந்த லேபிள் கட்டு, ஸ்டாம்ப், மைப் பெட்டி, பின் அடிக்கிற மிஷின் எல்லாவற்றையும் ஒயர் கூடையில் எடுத்து வைத்தீர்கள். "காலையில மொத பஸ்ஸு. லீவு சொல்லிட்டு நீயும் வா" என்றீர்கள்.

கடை முதலாளிக்கு முதலில் நாம் சொல்வது விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். "ஊரெல்லாம் தேதியக் கூட்டுறதுக்கு அலையுறாக. நீங்க கொறைக்கிறதுக்குப் பஸ் ஏறி வந்திருக்கீக." நீங்கள் சிரிக்கவில்லை. சரக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். கடைக்குப் பின்னால் இருந்த குடோனில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு பின்னாகப் பிடுங்கினோம். நான் புது லேபிளில் குத்திக் கொடுக்கக் கொடுக்க நீங்கள் மாட்டி அடித்துக்கொண்டே இருந்தீர்கள். பின் கீறி உங்கள் கட்டை விரலில் ரத்தம் வந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தீர்கள். நாற்பத்திரண்டு பாக்கெட் அதற்குள் விற்றுப்போயிருந்தது. யார் வாங்கினார்கள் என்று முதலாளியிடம் கேட்டீர்கள். அவருக்கு எப்படித் தெரியும்?

வேலை முடிந்ததும் அவர் பெட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை வித்துத் தாரேன். இனிமே இங்குட்டு அனுப்ப வேணாம், எனக்குத் தோதுப்படாது" என்றார். நீங்கள் கும்பிட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டீர்கள்.

அந்தப் பிப்ரவரி மாதத்தில் ஒருநாள் மாவு சலித்துக்கொண்டிருந்த நீங்கள் சல்லடையை நிறுத்திவிட்டு, "எந்தப் பிள்ளையாவது ஆசையாப் பிரிச்சு வாயில வச்சுட்டுத் துப்பியிருக்கும்" என்றீர்கள். எந்தப் பாக்கெட்டைச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வேறு ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை. மதுரைக்குப் போய் வந்த மறுநாளே லேபிள் கட்டையும் ஸ்டாம்பையும் என் பக்கம்தான் நகர்த்தி வைத்தீர்கள். நான் குத்தியதை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. நான் கல்யாணமாகிப் போகும் வரை அந்த வேலை என்னிடமே இருந்தது.

நான் உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த மாதச் சக்கரத்தை நான் தட்டியது உங்களுக்காக. மதுரைக் கடை நிலைத்தால் அடுப்புக்கு இரண்டு ஆள் வைக்கலாம், நீங்கள் புகையை விட்டு எழுந்து வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். முதலிலேயே முப்பது நாள் என்று அந்த முதலாளியிடம் பேசிப் பார்த்திருந்தால் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பார். நான் செய்த காரியத்தால் அந்தக் கடையும் போயிற்று. நீங்கள் அதே புகையில் இன்னும் பல வருஷம் நின்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் உங்கள் மூக்கில் குழாய் வைத்திருந்த கடைசி வாரம், இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அண்ணன் காபி வாங்கப் போயிருந்தார்.

"மதினி, அந்த மதுரைக் கடை விஷயம்..."

"எந்த மதுரைக் கடை?"

"முந்நூறு பாக்கெட். நாம ரெண்டு பேரும் குடோன்ல உக்காந்து..."

நீங்கள் கண்ணை மூடி யோசித்தீர்கள். மூச்சு வாங்கியது. "மதுரைக்குப் போனோம், ஞாபகம் இருக்கு. திரும்புறப்ப பஸ் ஸ்டாண்டுல நீ எனக்கு மல்லிகைப்பூ வாங்கித் தந்த. நீயே வச்சும் விட்ட. வேற ஒன்னும் ஞாபகமில்லத்தா" என்றீர்கள். பிறகு என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனீர்கள். அண்ணன் காபியோடு வந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே ஊருக்குத் திரும்பினேன். நாலு நாளில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று போன் வந்தது.

நீங்கள் நிஜமாகவே மறந்துவிட்டீர்களா, என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று மறந்ததாகச் சொன்னீர்களா? எத்தனையோ தடவை அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டேன், மதினி. பிடிபடவில்லை. என் கையைப் பிடித்திருந்த உங்கள் விரல்களின் சூடு மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்கள் நாத்தனார்