வேட்டைக்கார சாமியின் பக்கத்தில் நின்றவள்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் அப்பாவிடம் காட்டவே கூடாது.

என் செல்ல அக்காவுக்கு,

நீ போன பிறகு உன்னிடம் பேச எனக்கு இதுதான் வழி. அம்மா தூங்கிவிட்டாள். மோட்டாருக்கு இரவில்தான் கரண்ட் வருகிறது என்று அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் எழுத வேண்டும்.

இன்று பள்ளிக்கூடத்தில் எங்களைத் திண்டுக்கல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே யாரைப் பார்த்தேன் தெரியுமா? நம் தோட்டத்து வேட்டைக்கார சாமியை.

அது அங்கே இருப்பது உனக்குத் தெரியாது. உன்னைக் காய்ச்சல் கொண்டுபோன மாதமே அப்பா அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். "வெள்ளி தவறாம எண்ணெ வச்ச பிள்ளையவே காப்பாத்தல. அப்புறம் என்னத்துக்கு அந்தக் கல்லு?" என்றார். அதிலிருந்து வீட்டில் சாமி பேச்சும் கிடையாது, உன் பேச்சும் கிடையாது. உன் பெயரைச் சொன்னால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுகிறார். அதனால்தான் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சாமியைப் பார்த்ததும் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். என் கிளாஸ் ஜெனிபர் சிரித்தாள். "ஏய், இதென்ன கோயிலாடி? செருப்பு காணாமப் போச்சுன்னா வெறுங்கால்லதான் கன்னிவாடி போய்ச் சேரணும்." பிறகு அவளே என் செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

எண்ணெய்ப் பிசுக்கை எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். வில் பிடித்த சாமியின் பக்கத்தில், நாய் என்று சொல்லி நாம் சோற்று உருண்டை வைப்போமே, அது நாயே இல்லை அக்கா. ஒரு பெண். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கை நிறைய வளையல்.

நீ அப்போதே சொன்னாய். எண்ணெய் தேய்க்கும்போது வளையல் மாதிரி விரலில் தட்டுகிறது என்றாய். "நாய் வளையல் போடுமாப்பா?" என்று கேட்டாய். "அது கழுத்துப் பட்டை ஆத்தா. வேட்டை நாய்னா பட்டை இருக்காதா?" என்றார் அப்பா. நீ விடவில்லை. "அம்புட்டுப் பட்டையா? அப்ப உங்க நாய்க்குக் கழுத்து ரொம்ப நீளம்" என்றாய். அன்று சிரித்த மாதிரி அப்பா சிரித்து எவ்வளவு நாளாகிறது?

அங்கேயே நின்று அழுதுவிட்டேன். டீச்சர் கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னேன், உன்னைப் பற்றியும். "உங்கப்பா வந்து நம்ம கிளாஸ்ல இந்தக் கல்லப் பத்திப் பேசணும். காலைல நானே போன் பண்றேன்" என்றார். வேண்டாம் டீச்சர் என்று நான் சொல்வதற்குள் மற்றவர்களைக் கூப்பிடப் போய்விட்டார்.

காலையில் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். நான் பொய் சொன்னது, அங்கே போனது, உன் பெயரை எடுத்தது எல்லாம். அடிக்க மாட்டார், அது தெரியும். என்னோடும் பேசாமல் இருந்துவிடுவாரோ என்றுதான் பயம். நீயாக இருந்தால் எப்படித் தொடங்குவாய்?

டீச்சர் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம். நானே சொல்கிறேன், உன் பெயரைச் சொல்லியே. எழுந்து போனால் பின்னாலேயே போய்ச் சொல்கிறேன். நீ சொன்னதுதான் சரி என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? சத்தியம் அக்கா.

உன் பேச்சை விடாத
உன் தங்கச்சி

கதவைத் தட்டுகிறார். "முழிச்சிருக்கியா ஆத்தா? லைட்டு எரியுது" என்கிறார். அக்கா, நான் போய்