இடக்கண்ணுக்கு ஒரு துவக்கு

உன்னிச்சை
20.1.1936

அன்புள்ள தம்பி இக்னேஷியஸுக்கு ஆதம்பாவா எழுதிக்கொள்வது.

இறைவன் காவலில் இருக்கிறோம். நீரும் தங்கச்சி கிளாறிஸும் சுகந்தானே? நீங்கள் அனுப்பிய தொதல் இனிப்பை என் வீட்டுக்காரி நபீஸா இன்னும் ஒளித்து வைத்திருக்கிறாள், எனக்குத் தருவதற்கல்ல.

உங்கள் நத்தார்ப் பெருநாள் கழிந்த கிழமை வேலி வெட்டும்போது முள் குத்திய வலக்கண் இனித் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பட்டாளம் கழித்துவிட்ட துவக்கை ஏலத்தில் எடுத்து, துருவெல்லாம் சுரண்டி, பன்றிக் காவலுக்கென்று எனக்குத் தந்தவர் நீர். வலத்தோளில் வைத்தால் அது போன கண்ணுக்கு நேரேதான் வருகிறது. இடத்தோளோ வண்டியிலிருந்து விழுந்து முறிந்தது. வெடியின் உதை தாங்காது. கதிர் பால்கட்டும் நேரம். நான் தகரம் தட்டலாம், பன்றி அதைக் கேட்டுக்கொண்டே தின்னும்.

துவக்கை வாங்க ஆள் இருந்தால் பாரும். இந்தப் போகத்தோடு வட்டை வயல்களுக்குப் பொறுப்பான விதானையிடம் என் வயலை ஒப்படைத்துவிட்டு, காத்தான்குடியில் மச்சானின் கடையில் துணி அளக்கப் போகிறேன். மனம் வரவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

உம்முடைய
ஆதம்பாவா


மட்டக்களப்பு
24.1.1936

மதிப்புக்குரிய ஆதம்பாவா காக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துக் கிளாறிஸ் அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் துணி அளந்தால் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு முழம் கூட்டிக் கொடுத்து மச்சானைத் தெருவில் விட்டுவிடுவீர்கள்.

துவக்கை விற்க வேண்டாம். லைசன் கடதாசியோடு வண்டிக்கார முகைதீன்பாவாவிடம் கொடுத்துவிடுங்கள். வலத்தோளில் வைத்தபடியே இடக்கண்ணால் குறி பார்க்கும்படி மரக்கட்டையை வளைத்துச் செய்யலாம் என்று நினைக்கிறேன். இதுவரை செய்ததில்லை. ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவனுக்கு ஞாயிறு பூசை முடிந்தால் வேறென்ன வேலை? கண்ணுக்குக் கண் எவ்வளவு தூரம், தோளுக்கும் கன்னத்துக்கும் எவ்வளவு தூரம் என்று நபீஸா றாத்தாவை நூலால் அளக்கச் சொல்லி, நூலை அனுப்புங்கள். சிரிக்காமல் அளக்க வேண்டும்.

உங்கள் தம்பி
இக்னேஷியஸ்


மட்டக்களப்பு
17.2.1936

அன்புள்ள காக்காவுக்கு,

துவக்கு இன்று வண்டியில் வருகிறது. இரண்டு கட்டை பாழாய்ப் போய், மூன்றாவது உங்கள் நூலுக்குச் சரிவந்தது. சோற்றிலும் மரத்தூள் கிடக்கிறதென்று கிளாறிஸ் ஏசினாள். ஏசிக்கொண்டே விளக்கையும் பிடித்தாள்.

கன்னம் படுகிற இடத்தில் மெத்தென்று தோல் வைத்துத் தைத்திருக்கிறேன். நானே பதப்படுத்தியது. அந்த உயரம் இருந்தால்தான் கண் நேரே வரும்.

காய்ச்சல் வருடத்தில் நாங்கள் இருவரும் எழும்ப முடியாமல் கிடந்தபோது கிழமை தவறாமல் அரிசியும் தயிரும் அனுப்பிய வீடு உங்களுடையது. உங்களுக்கென்று ஒன்று செய்யக் கிடைத்ததே, அதற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும்.

உங்கள்
இக்னேஷியஸ்


மட்டக்களப்பு
18.2.1936

காக்கா,

அவசரம். இந்தக் கடிதம் முந்தி வந்தால் துவக்கைக் கன்னத்தில் வைக்காதீர்கள்.

சாப்பிடும்போது கிளாறிஸ் கேட்டாள்: “அது என்ன தோல்?” சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுதுகிறேன். நத்தாருக்கு முதல் உங்கள் வயலில் நீங்கள் சுட்டு, என் தம்பி பீலிக்ஸ் எடுத்து வந்தானே, அந்தப் பன்றியின் தோல். மென்மையாக இருக்கிறதே என்று பார்த்தேன்; யாருடைய கன்னம் என்று பார்க்கவில்லை. நீங்கள் வருகிறீர்கள் என்றால் பன்றி படாத புதுச் சட்டி வாங்கிச் சமைக்கிறவள் கிளாறிஸ். அவளுக்கு இருந்த கவனம் எனக்கு இல்லாமல் போனது.

எவ்வளவும் ஏசுங்கள் காக்கா. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இக்னேஷியஸ்


உன்னிச்சை
8.3.1936

அன்புள்ள தம்பி இக்னேஷியஸுக்கு,

துவக்குத்தான் முந்தி வந்தது. ஒரு வெடி வைத்துப் பார்த்த பிறகே தோலில் மும்மூன்றாய் நின்ற மயிர்க்குழி கண்ணில் பட்டது. இத்தனை காலம் பன்றியோடு மல்லுக்கட்டியவனுக்கு அது தெரியாதா? பொய் சொல்ல மாட்டேன், கோபந்தான் வந்தது. இவ்வளவு நாள் எழுதாததும் அதனால்தான்.

நபீஸாதான் சொன்னாள்: “உங்கட ஒத்தக் கண்ணுக்கு வழி தேடின மனுசன் அவர். இது கழுவினாத் தீரும். வயல விட்டுட்டுப் போனா அது எதால தீரும்?”

தோலைப் பிடுங்கிப் புதைத்தோம். கட்டையையும் கன்னத்தையும் எங்கள் முறைப்படி மண் கரைத்த தண்ணீர் ஒரு தரமும் நல்ல தண்ணீர் மிச்சத் தரமுமாக ஏழு முறை கழுவினேன். குறைந்த உயரத்துக்கு நபீஸா கைத்தறித் துணியை மடித்து மடித்து வைத்துத் தைத்தாள். நேற்று மாலை வாய்க்கால் ஓரம் பெரிய பன்றி ஒன்று இறங்கியது. துவக்கை வைத்து இடக்கண்ணால் பார்த்தேன். குழல் நேரே நின்றது. ஒரே வெடி. அது விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி. நபீஸா பார்த்துவிட்டாள், பரவாயில்லை. அல்லாஹ் உமக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். உம்மைப் போல் ஒருவர் எனக்கு வாய்த்ததற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ!

இன்று வட்டை விதானை வினாயகமூர்த்தி துவக்கை விலைக்குக் கேட்டு வந்தார். விற்கப்போகிறேன் என்று தை மாதம் அவரிடமும் சொல்லியிருந்தேன். கன்னத்தில் வைத்து வலக்கண்ணால் பார்த்தார். அந்தப் பக்கம் சரிந்தார், இந்தப் பக்கம் சரிந்தார்.

“என்ன காக்கா இது? குழலக் காணல்லயே! இத ஆரு வாங்குவான்?”

உலகத்தில் ஒருவனுக்கு மட்டும் சரிவருகிற துவக்கைச் செய்து தந்திருக்கிறீர். இனி இதை விற்க முடியாது. அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்து வைத்துவிட்டேன்.

என்றும் உம்முடைய
ஆதம்பாவா