படத்தில் நான் பிடித்திருந்த கை

குருநகர்,
ஒக்டோபர் 12

அன்பு மகன் ஜெரிசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. புனித யாகப்பர் துணையால் இங்கே மூவரும் சுகம், உன் சுகத்துக்காக நாள்தோறும் செபமாலை சொல்கிறேன். அப்பா திடமாக இருக்கிறார். தங்கச்சி நன்றாகப் படிக்கிறாள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரி. வேறு விசேடமில்லை.

அண்ணை, இவ்வளவும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார், மிச்சத்தை லவீனாவாகிய நானே எழுதுகிறேன். போனில் எனக்குக் கதைக்க வராது, அதோடு அப்பாவும் பக்கத்தில் இருப்பார். கோயில் திருநாளன்று அம்மா பேஸ்புக்கில் போட்ட படத்தில் நான் அப்பாவின் வலக்கையைப் பிடித்தபடி நிற்கிறேன் அல்லவா, "இப்பதான் அப்பாவிலை பாசம் பொங்குதோ" என்று நீங்கள்கூடப் பகிடி எழுதினீர்கள். பாசத்தில் பிடித்ததில்லை அண்ணை, விட்டால் அந்தக் கை தொங்கும். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. இப்போது மெல்ல நடக்கிறார், கோயிலில் இடக்கையால்தான் சிலுவை அடையாளம் போடுகிறார். அம்மா கருவாடு போடும் வேலைக்குப் போவதால் அப்பாவுக்குச் சோறு ஊட்ட ஆளில்லை, நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன்.

ஏன் மறைக்கிறோம் என்று அம்மாவிடம் கேட்டேன். "நல்லதைப் போட்டால் லைக் போட்டிட்டுப் போவினம், கெட்டதைப் போட்டால் வீட்டை வந்து கதிரையிலை இருந்து துருவித் துருவி விடுப்புக் கேப்பினம். வலையிலை ஒண்டும் படாட்டிலும் உன்ரை கொப்பர் கரையிலை சிரிச்சுக்கொண்டுதான் இறங்குறவர், பாத்தனியெல்லே" என்றார். அதுவும் சரிதான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துத்தானே "அப்பா சிங்கம் மாதிரி இருக்கிறார், இன்னும் ரெண்டு வருசத்தாலை வாறன்" என்று எழுதினீர்கள். அதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட அப்பா அன்று நான் ஊட்டிய சோற்றை இடக்கையால் தள்ளிவிட்டார். அதன்பிறகு உங்கள் படங்களிலும் என்ன மறைந்திருக்கிறது என்று தேடுகிறேன். எல்லாவற்றிலும் அதே கறுப்புக் குளிர்சட்டை, முகமும் மெலிந்திருக்கிறது. ஏதும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

அம்மா திரும்பி வந்து, நான் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். ஒன்றும் விடாமல் வாசித்தேன். முதலில் அவர் சொல்லி எழுதியதை வெட்டட்டோ என்று கேட்டேன். "வெட்டாதை, காதை மூடச் சொன்னது உண்மைதானே. இனி நான் சொல்லுறதை எழுது" என்றார்.

மகனே, தேவமாதா உன்னைக் காக்கட்டும். இதைக் கொண்டுவரும் கிறிஸ்ரோபர் மாமா பாவம், அவரிடம் அப்பாவைப் பற்றி ஒன்றும் துருவாதே. பாலன் பிறக்கும் நத்தாருக்கு வந்துவிடு. வாசல் படலையில் அப்பா இடக்கையைத்தான் நீட்டுவார். நீ மற்றக் கையைப் பிடி.

உன் அம்மா,
ஸ்ரெல்லா