சட்டைமேல் இருந்த பெயர்

மார்ச் 3, செவ்வாய்

பல் ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். வரவேற்பு மேசையை விட்டு நகர முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் இவர் பெயருக்கு ஒரு கடிதம், பிரித்துக் கிடந்தது. பதினாறு வருடத்துக்கு முன் போரில் இவர் புகைக்குள் புகுந்து தூக்கிவந்த இரண்டு பேரில் ஒருவர் எழுதியிருக்கிறார். இப்போதுதான் முகவரி கிடைத்ததாம். நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டுமாம்.

"எப்ப வரச் சொல்லட்டும்?" என்றேன். இந்த நாட்டு மொழியில் எழுத்து வேலையெல்லாம் என்னுடையது.

"வேண்டாம்னு எழுதிடு."

பிழைத்தவன் நன்றி சொல்ல வந்தால் யாராவது வேண்டாம் என்பார்களா?

மார்ச் 6, வெள்ளி

பதில் எழுதவில்லை. அந்தக் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 'முகம் தெரியவில்லை. ஆனால் என்னைச் சுமந்தவர் வழி முழுக்க உங்கள் மொழியில் பேசிக்கொண்டே வந்தார். கண் விழித்தபோது அவருடைய மேல்சட்டை என்மேல் போர்த்தியிருந்தது, பெயர்ப் பட்டையோடு.'

வழி முழுக்கவா? இவரா? கல்யாணமாகி இருபத்தொரு வருடம். குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் வாயைத் திறக்காத மனிதர்.

மார்ச் 9, திங்கள்

மகள் சாப்பிடும்போது சீண்டினாள். "அப்பா, இவங்களைக் காப்பாத்தினதுக்குக் கொடுத்த பதக்கத்தாலதான நமக்குக் குடியுரிமையே கிடைச்சது? ஒரு தேங்க்ஸ் வாங்கிக்கிறதுல என்ன குறைஞ்சுடப் போறீங்க?"

"சாப்பிடும்மா." அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பதக்கத்தை இவர் ஒருநாளும் குத்திக்கொண்டதில்லை. கூச்சம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

இவர் பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போனதும், போரிலிருந்து எனக்கு எழுதிய கடிதங்களைப் பரணிலிருந்து இறக்கினேன். சொந்தப் புருஷனை வேவு பார்க்கிறேன்.

மார்ச் 14, சனி

கிடைத்தது. பதக்கப் பத்திரத்தில் இருக்கும் அதே தேதி.

'காய்ச்சல். கூடாரத்தில் படுத்திருக்கிறேன். ரேடியோவின் சட்டை நனைந்துவிட்டதாம், என்னுடையதை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.'

ரேடியோ இவரோடு இந்த நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்த நம் ஊர் ஆள். ஓயாமல் பேசுவான் என்பதால் அந்தப் பெயர். போரில் காணாமல் போனான் என்று மட்டும் தெரியும்.

இந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்திருப்பேன்! காய்ச்சல் என்பதில்தான் கண் நின்றிருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

கேட்டுவிட்டேன். பழைய கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. "அன்னைக்கு அங்க போனது நீங்கதானா?" என்று மட்டும்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இத்தனை வருடத்தில் இவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ரெண்டு பேரைக் கொண்டுவந்து போட்டுட்டு, சட்டையைக் கழட்டிப் போர்த்திட்டு, மூணாவது ஆளுக்காகத் திரும்ப உள்ள போயிட்டான். வரவே இல்ல. எங்க மூஞ்சியெல்லாம் இந்த நாட்டுக்காரங்களுக்கு ஒண்ணுதான். சட்டையில இருந்த பேரைப் பார்த்தாங்க. காய்ச்சல்ல கிடந்தவன் கையைப் பிடிச்சு அதிகாரி குலுக்கறார். சொல்லணும்னுதான் இருந்தேன். குடியுரிமைன்னாங்க. உன்னையும் குழந்தையையும் கூப்பிட்டுக்கலாம்னாங்க..."

பிறகு, "அவன் அம்மாகிட்ட காணோம்னு மட்டும்தான் சொல்லியிருக்காங்க. லெட்டர் எழுதினவர் வந்தா சொல்லிடுவேன்னு பயமா இருக்கு. சொல்லாம விட்டுடுவேன்னும் பயமா இருக்கு" என்றார்.

அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. எல்லாத்தையும் பிடுங்கிட்டு அனுப்பிடுவாங்க. நம்ம பொண்ணுக்கு இங்கதான் எல்லாமே" என்றேன். குரல் என்னுடையதுதானா?

வேண்டாம் என்றால் அந்த ஆளுக்குச் சந்தேகம் வரும். ஒருமுறை வந்து போகட்டும். வரச்சொல்லி எழுதிவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

வந்தார். ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடக்கிறார். இவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினாறு வருஷமா ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். என்னைத் தூக்கிட்டு வரும்போது என்ன பேசிக்கிட்டே வந்தீங்க?" என்று இந்த நாட்டு மொழியில் கேட்டார்.

இவர் உதடு அசைந்தது. சொல்லப் போகிறார் — தெரிந்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன்.

"தூங்கிடாத, தூங்கிடாத, உனக்காக வீட்டுல காத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னாராம். எங்கிட்ட சொல்லியிருக்கார்."

அந்த மனிதர் குழந்தை மாதிரி அழுதார். இவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

செத்தவன் வாயில் வார்த்தை வைத்துவிட்டேன். அவன் உண்மையில் என்ன பேசினானோ.

ஏப்ரல் 16, வியாழன்

எனக்குத் தெரியாமல், பிழையும் கிழையுமாக, பட்டாள அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்! இன்று பதில் வந்திருக்கிறது. 'தங்கள் அடக்கத்தைப் பாராட்டுகிறோம். பதிவை மாற்ற, அன்றைய தேதியிட்ட எழுத்துச் சான்று தேவை.'

கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார். "அப்ப நான் உனக்கு எழுதினதெல்லாம் வெச்சிருக்கியா?"

"பழைய வீட்டுல தண்ணி புகுந்தப்பவே எல்லாம் போச்சே."

"ம்" என்றார். நம்பினாரா? சாயங்காலம் பரணில் அட்டைப் பெட்டிகள் இடம் மாறியிருந்தன.

ஏப்ரல் 17, வெள்ளி

இந்த நோட்டை இனி வீட்டில் வைக்க முடியாது. ஆஸ்பத்திரி அலமாரியில் எனக்கு ஒரு தட்டு உண்டு, சாவி என்னிடம்தான். கிழிக்க எடுத்து, கிழிக்க முடியாமல், அந்தக் காய்ச்சல் கடிதத்தையும் மற்ற கடிதங்களோடு போன மாதமே அங்கேதான் வைத்தேன்.