மாஸ்டர்ஸ் செய்யட்டும் என்று நீ சொன்னது

என் அருமைப் பாலா,

நீ இறந்த முப்பத்தோராம் நாள் வருகிறது. அன்று கொடுக்கும் நினைவு மலருக்கு வழக்கம்போல என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். இங்கே நோபல் பார்க் ஊரில் நம் ஆட்களில் யார் இறந்தாலும் அஞ்சலி எழுதுவது நான்தானே. உயிரோடு இருந்த காலத்தில் என் முகத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட உருகி உருகி எழுதியிருக்கிறேன். உனக்கு எழுத வேண்டிவரும் என்று மட்டும் நினைக்கவில்லை. உன் வீட்டு முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் விழுந்தாய். மிச்சப் பாதியை இன்னும் ஒருவரும் வெட்டவில்லை. நேற்றுப் பார்த்தேன், முழங்காலுக்கு வளர்ந்து நிற்கிறது.

உனக்கென்று முதலில் அழகான ஒன்றை எழுதினேன். பண்பாளன், பாசமிகு தந்தை என்றெல்லாம். அதைக் கிழித்துவிட்டேன். இது அது அல்ல.

மலரில் குடும்ப விவரம் போடும் பக்கம் உனக்குத் தெரியும். யாருக்கு யார், எந்த நாட்டில், என்ன தொழில் என்று வரிசையாகப் போடுவோம். இறந்தவரைவிட அந்த வரிசையைத்தான் சனம் கவனமாக வாசிக்கும். உன் மகனுக்கு 'மருத்துவ மாணவன் நிரோஷன் (சிட்னி)' என்று எழுதி, சரிபார்க்கச் சொல்லி அனுப்பினேன். பதில் அனுப்பாமல் அவனே வந்தான். வெளியில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்ததை யன்னலால் பார்த்தேன். பிறகு வந்து குசினிக் கதிரையில், நீ வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கும் கதிரையில், இருந்தான்.

"அங்கிள், அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கோ."

"ஏன் தம்பி? டொக்டர் எண்டு போட இன்னும் காலம் இருக்கு, அதுதான் மாணவன் எண்டு போட்டனான்."

"நான் மெடிசின் படிக்கேல்லை அங்கிள். ஒருநாளும் படிக்கேல்லை. பிளாக்டவுன் பக்கம் ஒரு லாப்பில வேலை செய்யிறன். இரத்தம் சோதிக்கிற இடம்."

நீ விழுந்த செய்தி வந்தபோது நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பி நின்றேன். இந்தச் செய்திக்கு எழும்ப முடியவில்லை. கேட்கக்கூடாத ஒன்றை, ஆனாலும் முதலில் வாயில் வந்ததை, கேட்டேன்: "அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும்," என்றான்.

பாலா, உனக்குத் தெரிந்திருக்கிறது!

முதல் பட்டம் முடித்து மெடிசினுக்கு விண்ணப்பித்த என் மகள் ஆரணிக்குப் போன வருடம் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்தும் நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. அதை நான் உனக்கு மட்டும்தான் சொன்னேன். இதே குசினியில், இதே கதிரையில் இருந்துகொண்டு நீ என்ன சொன்னாய்? "பேசாமல் மெடிசினுக்கு முந்தின அந்த மாஸ்டர்ஸைச் செய்யச் சொல்லு மச்சான். நிரோவுக்கு அதாலதான் கதவு திறந்தது." தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு சொன்னாய். கண்கூட இமைக்கவில்லை.

நான் அதை வேதவாக்காக எடுத்தேன். ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு நல்ல வேலை இருந்தது. அதை விட்டுவிட்டு மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்க வைத்தேன். இடமும் கிடைத்தது. "மாஸ்டர்ஸ் மார்க்கை மெடிசினுக்குச் சேர்க்கினமோ இல்லையோ எண்டு ஆரைக் கேட்டனீங்கள்?" என்று அவள் கேட்டாள். நிரோஷனைப் பார் என்றேன். "ஒரு ஆளை வைச்சு எப்பிடி அப்பா முடிவெடுக்கிறது?" என்றாள். பாலா மாமாவைவிட உனக்குத் தெரியுமோ என்று சத்தம் போட்டேன். அவள் சேர்கிறாளா இல்லையா என்று சொல்லவேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நிரோஷன் வந்து இருந்தது அதற்கு முந்திய திங்கட்கிழமை.

அவன் மறைக்காமல் சொன்னான். முதல் பட்டத்தில் அவனுக்குப் புள்ளி குறைவு. மாஸ்டர்ஸில் நன்றாகச் செய்திருக்கிறான். ஆனால் அவன் விண்ணப்பித்த இடங்கள் முதல் பட்டத்தை மட்டும்தான் பார்த்தனவாம். "சேர முந்தியே கேட்டிருக்க வேணும் அங்கிள். ஆரைக் கேக்கிறது? விண்ணப்பம் போட்டதையே வெளியில சொல்லக்கூடாது எண்டு அப்பா சொன்னவர். கண்ணூறு பட்டிடுமாம்."

"அப்ப கிடைச்சதெண்டு சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. கேரம் டவுன்ஸ் கோயில்ல ஒரு அன்ரி வந்து, 'என்ன டொக்டர் தம்பி, சிட்னியில சேர்ந்தாச்சாம்' எண்டா. நான் வேலைக்குத்தான் சிட்னிக்குப் போக இருந்தனான். அப்பா சிரிச்சவர். அவ்வளவுதான். பிறகு அந்தச் சிரிப்பைத் திருப்பி எடுக்க ஏலாமல் போச்சு."

கோயிலில் சிரித்தாய், சரி. நம் சனத்தை எனக்கும் தெரியும். பரீட்சை எழுதுவது இரகசியம், தோற்பது அதைவிட இரகசியம். கிடைத்தால் மட்டும் இடியப்பம், சொதியோடு மண்டபம் எடுத்துக் கொண்டாடுவார்கள். ஆனால் என்னிடம் ஏன் சொன்னாய்? எனக்கும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாமே. சொல்லச் சொல்ல உனக்கே உண்மையாகிவிட்டதா? அல்லது என் மகளுக்கும் கிடைக்காமல் போனால் உனக்கு ஒரு துணையாகும் என்று நினைத்தாயா? இப்படி நினைப்பது கேவலம் என்று தெரியும். ஆனால் என் புத்தி எப்படிப்பட்டது என்பது உனக்குத் தெரியும். ஊரில் எனக்கு மருத்துவபீடம் தவறியபோது புள்ளிப் பட்டியலில் எனக்கு மேலே நின்றவர்களின் பெயர்களை இன்றைக்கும் வரிசையாகச் சொல்லக்கூடியவன் நான். இங்குள்ள நம் சங்கத் தேர்தலில் நீ எனக்குக் கை உயர்த்தாததையும் மறக்கவில்லை.

அன்று ஆரணி அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வந்து குளிர்ப்பெட்டியில் சாய்ந்து நின்றாள். அழுவாள் என்று பயந்தேன்.

"அப்பா, மாஸ்டர்ஸால மெடிசின் கிடைச்சதெண்டு காட்ட முந்தி ஒரு ஆளாவது இருந்தவர்," என்றாள். "இப்ப அந்த ஒரு ஆளும் இல்லை."

நிரோஷன் சிரித்துவிட்டான். தகப்பன் செத்து மாதம் ஆகாத பிள்ளை, தலையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்போதுதான் அவன் முகத்தில் உன்னைக் கண்டேன். எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த நாள் ஆரணியும் அவனும் சேர்ந்து இருந்து, அவள் விண்ணப்பிக்க நினைத்த ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிக்கும் தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள். கேட்டால் சொல்கிறார்கள் பாலா! மரியாதையாக, விளக்கமாகச் சொல்கிறார்கள். ஒரு இடத்தில் மாஸ்டர்ஸைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இன்னொரு இடத்தில் கொஞ்சம் எடுக்கிறார்கள், ஆனால் விண்ணப்பிக்கும்போதே படித்து முடித்திருக்க வேண்டும். இடத்துக்கு இடம் வேறு. இந்த ஒரு கேள்வியைக் கேட்க நீயும் நானும் ஏன் கூச்சப்பட்டோம்? கோயில் வீதியில் காதோடு காதாக வந்ததை நம்பினோம், தொலைபேசியை எடுக்கவில்லை.

உன் மகன் ஆரணியிடம் இன்னொன்றும் கேட்டான். "உனக்கு எதில குறையுது?" ஆரணிக்கு முதல் பட்டத்தில் குறையே இல்லை. நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதும் பகுதிதான் ஒவ்வொரு முறையும் காலை வாருகிறது. அது எனக்கு அன்றுவரை தெரியாது.

"அப்ப உனக்கேன் மாஸ்டர்ஸ்?" என்றான். "என்னைப்போல டிகிரியில புள்ளி குறைஞ்ச ஆளுக்கு, இடம் பாத்து விண்ணப்பம் போட்டால், ஏதும் உதவலாம். உனக்குக் கால் நோகுது, நீ கையில கட்டுப் போடப் போறாய். கட்டுரையை அங்கிளிட்டைக் காட்டன்."

"அப்பாவிட்டையோ? ஆராவது செத்தாத்தான் அவர் நல்லதா ரெண்டு வரி எழுதுவார்."

இதை உனக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். நீ இருந்திருந்தால் இதை வைத்தே என்னை ஒரு வருடம் பகிடி பண்ணியிருப்பாய்.

வியாழக்கிழமை மாஸ்டர்ஸ் வேண்டாம் என்று அறிவித்துவிட்டாள். நான் சம்மதித்தேன் என்று இங்கே எழுதினால் அவள் சிரிப்பாள், ஏனென்றால் என்னைக் கேட்கவே இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லையாம். வேலை செய்துகொண்டு தேர்வை மறுபடி எழுதப் போகிறாள். கிடைக்குமா? தெரியாது. தெரியாது என்ற சொல்லை எழுதக்கூட என் கை கூசுகிறது. நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு இடமே இருந்ததில்லை.

இதையெல்லாம் மலரில் போடலாமா என்று உன் மனைவி வசந்தியிடம் கேட்டேன். உன் படத்துக்கு முன்னால் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். "போடுங்கோ அண்ணை," என்றாள். "ஒவ்வொரு விசேஷத்துக்கும் அவன் எந்த வருசம் படிக்கிறான் எண்டு யோசிச்சு யோசிச்சுச் சொல்லி நான் களைச்சுப் போனன்." நிரோஷன் ஒன்றுதான் கேட்டான். தன் பெயருக்கு முன்னால் தன் உண்மையான வேலையைப் போட வேண்டுமாம். முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன்.

நான் உன்னை மன்னிக்கவில்லை பாலா. மன்னிப்பதற்கு முதலில் உன்னோடு சண்டை பிடிக்க வேண்டும். அதற்கு ஆளில்லாமல் போய்விட்டாய். என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டேன். சொல்லியிருப்பேனோ? அதற்குத்தான் நீ பயந்தாயோ? இந்தக் கேள்வியோடுதான் மிச்ச நாளும் போகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் படையல் முடிந்ததும் மண்டபத்தில் எல்லோரும் சாப்பாட்டுக்கு நிற்பார்கள். யாராவது என்னிடம் வந்து, "மகள் என்ன மாதிரி? மெடிசின் சரிவந்துதோ?" என்று கேட்பார்கள். இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். "போன முறை கிடைக்கேல்லை, திரும்ப எழுதுறா," என்று பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வேன். சொல்லிவிட்டு உன் வீட்டுக்குப் போய் மிச்சப் புல்லை வெட்டுவேன்.

உன்னோடு கோபத்தில் இருக்கிற,
உன் மச்சான்
ரகு