அறுபது புள்ளி வெளிச்சம்

பிப்ரவரி 9

அன்பும் அரட்டையும் நிறைந்த மாமாவுக்கு,

வாலு எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், தையல் மெஷின் நால்வரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் ஆராய்ச்சிக்கூடமும் நலமா?

"போன்ல பேசினா ஜோக்கடிச்சே நேரத்தைக் கொல்ற. அக்காவுக்கு என்னென்ன தெரியுதுன்னு ஒழுங்கா எழுது" என்று கட்டளையிட்டீர்கள் அல்லவா, இதோ புள்ளிவிவரம். நிஜமாகவே புள்ளி விவரம்தான். பார்வையில்லாத அம்மாவுக்கு இப்போது தெரிவதெல்லாம் அறுபது வெளிச்சப் புள்ளிகள்தானே!

கண்ணுக்குள் உங்கள் கம்பெனி வைத்த மின்சில்லு, மூக்கின்மேல் கேமரா வைத்த கண்ணாடி, இடுப்பில் பெட்டி, நடுவில் ஒரு ஒயர். "கடைக்குப் போறியா, நிலாவுக்குப் போறியா?" என்கிறார் அப்பா.

ஆபரேஷன் ஆகி இரண்டு மாதத்தில் நல்ல முன்னேற்றம். கதவு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறாள். கறுப்புத் துணி விரித்து வெள்ளைத் தட்டு வைத்தால் கை நேராகப் போகிறது. நேற்று நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இருட்டு அறை வாசலில் பேய் மாதிரி கையை விரித்து நின்றேன். அலறுவாள் என்று பார்த்தால், விறுவிறுவென வந்து காதைப் பிடித்துத் திருகினாள். "இத்தனை வருஷம் தப்பிச்சே. இனிமே நடக்காதுடி!" உங்கள் விஞ்ஞானத்தின் முதல் பலி நான்தான் மாமா.

தினமும் காலையில் பயிற்சி. கோடு, தட்டு, கதவு. மறுபடி கோடு, தட்டு, கதவு. "என் முகம் தெரியுதா?" என்று முன்னால் போய் நின்றால், "தள்ளு. முகமெல்லாம் அடுத்த வருஷப் பாடம். முதல்ல கோடு ஒழுங்கா வரணும்னு உன் மாமா சொல்லியிருக்கான்" என்கிறாள். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் "இது என் தம்பி கொடுத்த கண்ணு" என்று ஒரே பாட்டு. சட்டைக்கு அளவெடுக்க வந்தவர்கள் உங்கள் பெருமைக்கும் அளவெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அக்காவுக்குக் கண் வந்ததிலிருந்து தம்பியைத்தான் கண்ணில் காணோம். எப்போது வருவதாக உத்தேசம்?

உங்கள்,
வாலு


பிப்ரவரி 21

என் செல்ல வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். காது திருகிய இடத்தில் எங்கள் தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அக்காதான் எங்கள் ஆய்வின் முப்பதாவது ஆள். கடைசி ஆள். அவள் வராமல் போயிருந்தால் ஆய்வு பாதியில் நின்றிருக்கும். இப்போது முடிவுகள் வெளியாகி, எனக்குப் பதவி உயர்வும் வந்துவிட்டது. இனி உன் மாமா பெரும்புள்ளி. (நீ சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன், தோற்றாயா?)

அக்காவைப் பயிற்சியை விட வேண்டாம் என்று சொல். எதுவானாலும் ஆயுசுக்கும் நான் இருக்கிறேன். வேலை கொஞ்சம் ஓய்ந்ததும் ஓடி வருகிறேன்.

அன்புடன்,
மாமா


ஏப்ரல் 3

பெரும்புள்ளி மாமாவுக்கு,

வாலு எழுதுவது, ஆனால் இன்று வாலைச் சுருட்டிக்கொண்டு. இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது.

நேற்று காலைப் பயிற்சியின்போது ஒரு குறும்பு செய்தேன். கறுப்புத் துணியிலிருந்து தட்டைச் சத்தமில்லாமல் எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "தட்டு எங்கேம்மா?" என்றேன்.

"அதோ, நடுவுல. பளிச்சுனு தெரியுதே" என்று வெறுந்துணியைக் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து பார்த்தேன். பெட்டியில் எப்போதும் எரியும் பச்சை விளக்கு எரியவில்லை. பெட்டி செத்து மூன்று வாரமாம், மாமா. மூன்று வாரமாக அம்மா செத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோடு தெரியுது, கதவு தெரியுது என்று எங்களை ஏமாற்றியிருக்கிறாள். என்னையே! ஊரை ஏமாற்றுகிற என்னையே!

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா உன் மாமா பேரு கெட்டுடும்டி. இப்பத்தான் பெரிய ஆளாயிருக்கான். சொந்த அக்காவுக்கு வெச்ச மெஷினே ஓடலைன்னு ஆபீஸ்ல சிரிக்க மாட்டாங்களா? அவனே வரும்போது பார்த்துச் சரி பண்ணிடுவான். நீ வாயை மூடிட்டு இரு."

என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். என் தலைதானே, போனால் போகட்டும். பெட்டியைத் தபாலில் அனுப்பட்டுமா? நீங்கள் வருகிறீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள்.

வாலு


ஏப்ரல் 14

அன்பு வாலு,

பதற்றப்படாதே. பழுதுபார்க்கும் பிரிவில் கொஞ்சம் நெரிசல். பெட்டியை அனுப்ப வேண்டாம், வழியில் உடைந்துவிடும். ஏற்பாடு செய்துவிட்டு நானே சொல்கிறேன். கண்ணுக்கும் கொஞ்சம் ஓய்வு தேவைதான் என்று அக்காவிடம் பொதுவாகச் சொல்லி வை. நீ படிப்பைக் கவனி.

மாமா


மே 6

மாமா,

நெரிசல் எவ்வளவு என்று நானே எட்டிப் பார்த்தேன்.

உங்களைக் கலாய்க்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. உங்கள் கம்பெனியின் பழுதுபார்க்கும் பிரிவுக்குப் போன் போட்டு, என் கைவசம் இருக்கிற கோபக்காரத் தாத்தா குரலில், "ஏம்மா, என் பெட்டி ஓடலை, கூப்பிடு அந்தப் பெரும்புள்ளியை!" என்று கத்தினேன். உங்களைக் கூப்பிட்டு லைனில் கொடுப்பார்கள், நீங்கள் "சொல்லுங்கய்யா" என்று பம்முவீர்கள், நான் சிரிக்கலாம் என்று திட்டம்.

எடுத்த பெண் நல்லவள். மாடல் எண் கேட்டாள். சொன்னேன். கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஐயா, அந்த மாடலையே நிறுத்திட்டாங்களே. உதிரிப் பாகம் கூட இல்லைங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"எப்ப நிறுத்தினாங்க?" தாத்தா குரல் எங்கே போனதென்று தெரியவில்லை, என் குரலே வந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை.

"போன நவம்பர்லயே முடிவாயிடுச்சு. உள்ளே வேலை செய்யற எல்லாருக்கும் அப்பவே சொல்லிட்டாங்க."

அம்மாவுக்கு ஆபரேஷன் டிசம்பரில், மாமா. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள்தான் கூடவே நடந்தீர்கள். "பயப்படாதேக்கா, நான் இருக்கேன்ல."

அந்தப் பெண் புதுசாக வேலைக்கு வந்தவள், விவரம் தெரியாமல் உளறுகிறாள் என்று எழுதுங்கள். நான் நம்புவதற்குத் தயாராக இருக்கிறேன். "வாலு, ஏமாந்தியா?" என்று ஒரு வரி எழுதினால் கூடப் போதும்.

வாலு


மே 15

அன்புள்ள வாலு,

உன்னிடம் பொய் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது உண்மை.

என் பக்கத்தையும் கேள். முப்பது பேர் சேராமல் ஆய்வு முடியாது. ஆய்வு முடியாவிட்டால், மூளையில் நேரடியாகப் பொருத்தும் புதிய கருவிக்கு யாரும் முதலீடு போட மாட்டார்கள். இருபத்தொன்பதில் நின்றுவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. புதிய கருவி நூறு மடங்கு நன்றாக இருக்கும், ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பயன்படும். பழைய பெட்டிகளும் எப்படியும் இரண்டு மூன்று வருடம் ஓடும் என்றுதான் நம்பினேன். இவ்வளவு சீக்கிரம் போகும் என்று நினைக்கவில்லை.

அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். அதனால்தான் சொல்லவில்லை. ஒன்றுமே தெரியாமல் இருப்பதைவிடச் சில மாதம் வெளிச்சம் பார்த்தது அவளுக்கு லாபம்தானே, யோசித்துப் பார்.

ஒரே ஒரு உதவி. இது அவளுக்குத் தெரிய வேண்டாம், உடைந்துபோவாள். பெட்டி பழுதுக்குப் போயிருக்கிறது, திரும்பி வரும் என்று நீ சமாளி. ஏமாற்றுவதில் உன்னைவிடக் கெட்டிக்காரி யார்? இந்த ஒரு தடவை அம்மாவின் நல்லதுக்காக அந்தத் திறமையைக் காட்டு. புதிய கருவி வந்ததும் முதல் வரிசையில் அவள் பெயர்தான்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நேரில் பேசுவோம்.

என்றும் உன் மாமா


மே 19

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். முழுதும். முதலில் உங்கள் குரலிலேயே படிக்க ஆரம்பித்தேன், உங்களைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு. நான்கு வரிக்கு மேல் முடியவில்லை. மீதியை என் குரலில் படித்தேன்.

பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தவில்லை. ஒரு இடம் வந்தபோது மட்டும் நிறுத்தினாள்.

"அதை இன்னொரு தடவை படி."

அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள் என்ற வரியைத் திரும்பப் படித்தேன்.

"ஒத்துக்கிட்டிருப்பேனே" என்றாள். "மூணு மாசம்தான்க்கா, என் வேலைக்கு நீ வேணும்னு கேட்டிருந்தா, சரிடான்னு போய்ப் படுத்திருப்பேன். அவன் கேட்டு நான் எதை இல்லைன்னிருக்கேன்?"

கடிதத்தை மடித்து வைத்தேன்.

அவள் தொடர்ந்தாள். "மூணு மாசம்னு தெரிஞ்சிருந்தா அந்தத் தட்டையும் கதவையும் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேனா? முகம் அடுத்த வருஷம்னு நினைச்சுட்டேனே. தெளிவா இல்லைன்னாலும் பரவாயில்லைன்னு உன்னையே உட்கார வெச்சுப் பார்த்திருப்பேன்டி."

அப்புறம் மெஷின் ஓட ஆரம்பித்தது. காலரைக் கோணலாகத் தைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் விரலால் தடவித் தைத்தே ஒரு தையல் கூடக் கோணாதவள். பிரித்து மறுபடியும் தைத்தாள்.

மாமா, நான் ஆளை ஏமாற்றினால் அடுத்த நிமிடமே "ஏமாந்தியா" என்று சொல்லிவிடுவேன். அப்புறம் இரண்டு பேரும் சிரிப்போம். அதுதான் என் திறமை. நீங்கள் கேட்டது எனக்குத் தெரியாத தொழில்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். இதை அம்மா சொல்லச் சொல்லவில்லை. நான்தான் எழுதுகிறேன். நீங்கள் வந்து கதவைத் தட்டினால், அவள் சுவரைத் தடவிக்கொண்டே வந்து திறந்துவிடுவாள். "எப்படா கிளம்பினே, சாப்பிட்டியா?" என்று கேட்பாள். நீங்கள் அழுதால் உங்கள் முதுகைத் தடவிக் கொடுப்பாள்.

அதனால்தான் சொல்கிறேன், வராதீர்கள்.