ஜூன் மாதத்தில் காலி செய்யப்பட்ட குளம் குறித்து

அனுப்புநர்:
எவுலாலியோ பிரகாமோன்டே, வயது 77,
(நீச்சல்குளத் துப்புரவுத் தொழிலாளி, ஓய்வு),
412, மேற்கு ஒகோட்டியோ தெரு,
பாலோ செக்கோ, அரிசோனா.

பெறுநர்:
சட்ட அமலாக்க அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், பாலோ செக்கோ.

பொருள்: வீட்டு நீச்சல்குளத்துத் தண்ணீரைத் தெருவில் விட்டதற்காக விதிக்கப்பட்ட 950 டாலர் அபராதத்தை நீக்கவும், தங்கள் அறிவிப்பை எனக்குப் பொய்யாகப் படித்துக் காட்டிய அண்டை வீட்டுக்காரர் திரு. டுவைட் ஹால்வர்சன், பாழான என் குளத்தைத் தம் செலவில் சரிசெய்து தர உத்தரவிடவும் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எங்கள் தேவாலய அலுவலகத்துத் திருமதி கோன்சுவேலோ இதை எழுதுகிறார். எழுத்து இல்லாவிட்டாலும் நாளும் நேரமும் எனக்குத் தப்பாது. நாற்பத்தொரு வருடம் இந்த ஊரில் பிறர் வீட்டுக் குளங்களைக் கழுவிப் பிழைத்தவன் நான். அதற்கு எழுத்து தேவைப்படவில்லை. தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால், குளோரின் எவ்வளவு, அமிலம் எவ்வளவு என்பதை நிறமே சொல்லிவிடும்.

2. வங்கிகள் வீடுகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிய 2011-இல் இந்த வீட்டை வாங்கினோம். பின்புறக் குளம் பச்சைப் பாசியும் தவளையுமாகக் கிடந்தது. நானே இறைத்து, நானே உட்பூச்சுப் பூசினேன். அது பிப்ரவரி மாதம். குளத்தைக் காலி செய்வதென்றால் இந்த ஊரில் குளிர்காலத்தில்தான் செய்வார்கள்.

3. சொந்தக் குளம் என்பது வீட்டில் இன்னொரு வாய்க்குச் சோறு போடுவது. குளோரின், அமிலம், மோட்டாருக்கு மின்சாரம், வெயில் குடித்துவிடும் தண்ணீருக்கு ஈடு என்று மாதம் நூற்று முப்பது டாலர் போகும். ஜூலையில் புழுதிக்காற்று ஒரு நாள் அடித்தால் வடிகட்டியை மூன்று நாள் கழுவ வேண்டும். 2022-இல் மோட்டார் எரிந்தபோது, எனக்குப் பல் கட்ட வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. இன்றும் இடப்பக்கமாகவே மெல்கிறேன். இத்தனையும் ஆடம்பரத்துக்கு அல்ல. என் மனைவி எர்லிந்தாவின் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இதயம் தாங்காது என்பதால் அறுவை சிகிச்சை கிடையாது, மார்பளவுத் தண்ணீரில் தினமும் நடக்கட்டும் என்றார் மருத்துவர். தரையில் அவள் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பத்து அடி வைப்பாள். தண்ணீரில் எதையும் பிடிக்காமல் நாற்பது சுற்று நடப்பாள்.

4. திரு. ஹால்வர்சன் வீட்டுக் குளத்தை 1996 முதல் இருபத்தேழு வருடம் நான்தான் பார்த்து வந்தேன். எர்லிந்தாவுக்கும் படிக்கத் தெரியாது, எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. எந்தக் கடிதம் வந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால் அவர் படித்துச் சொல்வார். பதினான்கு வருடத்தில் ஒரு எழுத்துக்கூட மாற்றிச் சொன்னதில்லை. இதை மறைக்க நான் விரும்பவில்லை. 2023-இல் தோள்பட்டை போனதால் வேலையை விட்டேன். அதன்பின் அவர் மூன்று முறை கூப்பிட்டார். அவர் வாயில் என் பெயர் லாலோ. கடைசியாக இந்த ஏப்ரலில், "புதுசா வர்ற பசங்க மாசம் நூத்தி எண்பது வாங்குறானுங்க லாலோ, தண்ணி பால் மாதிரி கெடக்கு. நீ வந்துடு" என்றார். முடியாது மிஸ்டர் ஹால்வர்சன், கை தூக்க வரவில்லை என்றேன். "உன் வீட்டுக் குளத்துக்கு மட்டும் கை வருதோ" என்று சிரித்தார்.

5. ஜூன் 9, திங்கள், காலை ஒன்பதரை. எங்கள் கதவில் தங்கள் முத்திரையுடன் மஞ்சள் தாள் தொங்கியது. மனைவியுடன் அவரிடம் போனேன். நீலச் சட்டக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பாதியில் நிறுத்தி, எர்லிந்தாவை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள மொத்தத் தண்ணியையும் தெருவுல விட்டுடணுமாம். கொசு. முப்பது நாள் காய்ஞ்சே கெடக்கணுமாம். இல்லேன்னா வீட்டு மேல கை வைப்பாங்க."

6. ஜூனில் காலி செய்தால் உட்பூச்சு வெடித்துப் போகுமே என்றேன். "எனக்கென்ன தெரியும்? நீதானே தொழில்காரன். நான் படிக்கிறவன் மட்டும்தான்" என்றார். சீக்கிரம் முடியட்டும் என்று தம்முடைய இறைப்பானையே இரவல் கொடுத்தார். இரண்டு நாள் தண்ணீர் போனது. அவர் முன்வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் போட்ட தேநீர் எனக்கும் ஒரு குவளை அனுப்பினார், குடித்தேன். எர்லிந்தா குளத்துப் படியில் காலை நனைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் இறங்க இறங்க ஒவ்வொரு படியாக அவளும் இறங்கினாள். கடைசிப் படிக்குக் கீழே அவளால் இறங்க முடியவில்லை.

7. வெள்ளி நண்பகல், நூற்றுப் பதின்மூன்று டிகிரி. காய்ந்த சோளரொட்டி உடைவது போலச் சத்தம் கேட்டது. பூச்சு தட்டுத் தட்டாகப் பெயர்ந்துவிட்டது. மறுபடி பூச 14,000 டாலர் கேட்கிறார்கள்.

8. பின்னர் அபராதத் தாள் வந்தது. அப்போது திரு. ஹால்வர்சன் மலைப்பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அதனால் ஜூன் 30 அன்று இரண்டு தாள்களையும் தங்கள் அலுவலகச் சாளரத்துக்கே கொண்டுவந்தேன். அங்கிருந்த பெண் மஞ்சள் தாளைப் படித்தார். "பக்கத்துல யாரோ கொசுன்னு புகார் குடுத்திருக்காங்க. உங்க குளத்தைப் பாத்துட்டு, சுத்தமா இருக்கு, ஒண்ணும் செய்ய வேண்டாம்னு எழுதியிருக்கு தாத்தா." இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். மூன்றாம் முறையும் படித்தார். பாவம், மூன்று முறையும் அதுவே இருந்தது.

9. திரு. ஹால்வர்சன் திரும்பி வந்ததும் கேட்டேன். "அப்படியா போட்டிருந்துச்சு? கண்ணாடி போடாமப் படிச்சிருப்பேன்" என்றார். கண்ணாடி போட்டிருந்தார். அதோடு, "நடந்தது நடந்துபோச்சு. உன் வீட்டம்மா என் குளத்துல வந்து நடக்கட்டும். நீ பழையபடி தேய்ச்சுக் குடு, சரியாப் போயிடும்" என்றார். எர்லிந்தாவின் கால்கள் அதற்குள் பூரான் கடித்ததுபோல வீங்கியிருந்தன. நான் ஒப்புக்கொண்டேன்.

10. ஜூலை 8 முதல் செவ்வாய்தோறும் போகிறோம். நான் தேய்க்கும் நேரம் மட்டும் அவள் தண்ணீரில் இருக்கலாம். தூரிகையைக் கீழே வைத்தால், "வேலை முடிஞ்சா தண்ணியும் முடிஞ்சுது, லாலோ" என்று உள்ளிருந்து குரல் வரும். ஆகவே மெதுவாகத் தேய்க்கிறேன். நாற்பது சுற்றுக்கு என் தோள் தாங்கவில்லை. போன வாரம் இருபத்தாறு.

11. தாங்கள் அபராதத்தை நீக்கி, எங்கள் குளத்தை அவர் செலவில் பூசித்தர உத்தரவிட வேண்டும். மஞ்சள் தாளை இத்துடன் இணைத்துள்ளேன். விசாரணைக்கு அழைப்பதானால் செவ்வாய் மட்டும் வேண்டாம். அவர் பொய்யாகப் படித்தது எர்லிந்தாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அந்தத் தண்ணீரில் கால் வைக்க மாட்டாள், நடையும் நின்றுபோகும். மனிதர் நல்லவர் என்று அவருக்காக வாரம் ஒருமுறை பீன்ஸ் சமைத்துக் கொடுத்தனுப்புகிறாள். எனவே தங்கள் பதிலைத் தயவுசெய்து எங்கள் வீட்டுக் கதவில் மாட்ட வேண்டாம், நானே சாளரத்தில் வந்து பெற்றுக்கொள்கிறேன். கதவில் மாட்டினால், நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவள் அதை எடுத்துக்கொண்டு படிக்கச் சொல்லி அவரிடம்தான் போவாள்.

இடம்: பாலோ செக்கோ
நாள்: ஆகஸ்ட் 6, 2025

இப்படிக்கு,
எவுலாலியோ பிரகாமோன்டே
(இடது கைப் பெருவிரல் ரேகை)

எழுதியவர்: கோன்சுவேலோ உர்கீதெஸ். இருவர் தனித்தனியே படித்துக் காட்டி, இரண்டும் ஒன்றாக இருந்த பின்னரே மனுதாரர் ரேகை வைத்தார்.